மூச்சைக் கவனிச்சா மட்டும் முந்தி டிசைன் வந்துடாது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட இணைப்புல கற்பனை வறட்சிக்கு தியானம்தான் மருந்துன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தினம் பத்து நிமிஷம் கண்ணை மூடி உக்காந்தா ஐடியா கொட்டும்னு எழுதி, கூடவே கடற்கரையில ஒரு பொண்ணு சம்மணம் போட்டு உக்காந்திருக்கிற போட்டோ. எங்க வீட்ல அதைப் படிச்சிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அந்த சிரிப்புக்கு காரணம் சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிடும், வேணும்னா வெட்டிக்கோங்க.

நான் காஞ்சிபுரத்துல பட்டுப் புடவைக்கு கிராஃப் போடறவன். 28 வருஷமா இதான் பொழப்பு. நிறைய பேருக்கு நெய்யறவரைத் தெரியும், கடைக்காரரைத் தெரியும், நடுவுல எங்களைத் தெரியாது. முந்தியில மயில் வரணும்னா அது தறியில தானா வந்துடாது சார். முதல்ல வெள்ளை பேப்பர்ல வரையணும், அப்புறம் கட்டம் போட்ட பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா ரொப்பணும். படுக்கை வாட்டத்துல ஒரு கட்டம்னா பாவுல, அதாவது தறியில நீளமா கட்டியிருக்கிற நூல்ல, ஒரு கணக்கு, மேல போற ஒவ்வொரு வரியும் ஊடையில, அதாவது குறுக்க போற நூல்ல, ஒரு ஓட்டம். டிசைனுக்கு ஏத்த மாதிரி பாவு நூலைத் தூக்கிக் குடுக்கறதுக்கு தறி மேல இருக்கிற மெஷின்தான் ஜக்கார்டு, அது 240 கொக்கின்னா 240 கட்டத்துக்குள்ள மயில் அடங்கணும். ஒரு வரிக்கு ஒரு அட்டை, அதை குத்தறவர் ஓட்டை போட்டு, வரிசையா கோத்து தறி மேல ஏத்துவாங்க. நல்ல முந்தின்னா ஆயிரம் அட்டைக்கு மேலயே போகும். ஜரிகை ரொம்ப நீளமா கட்டு இல்லாம ஓடுச்சுன்னா கட்டிக்கிற பொண்ணு மோதிரத்துல மாட்டி இழுத்துக்கும், அதனால அழகு கெடாம நடுநடுவுல கட்டு வைக்கணும். இப்ப இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே போடறோம், சில இடத்துல அட்டையே இல்லாம பென்டிரைவ்ல ஏத்திடறாங்க. ஆனா அந்த முதல் வெள்ளை பேப்பர் இருக்கு பாருங்க, அது மட்டும் மாறவே இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வெள்ளை பேப்பர்ல நான் மாட்டிக்கிட்டேன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கடையில ஆறு முந்தி கேட்டாங்க. கடைக்காரர் வாட்ஸ்அப்ல வேற யாரோ போட்ட புடவை போட்டோவை அனுப்புவாரு, கீழ வாய்ஸ் மெசேஜ் வரும், "அண்ணே இதே மாதிரி வேணும், ஆனா வேற மாதிரி இருக்கணும்". இதே மாதிரி ஆனா வேற மாதிரி. சார், இந்த ஒரு வரிதான் இந்த தொழில்ல பாதி பேருக்கு வர வியாதி. மூணு வாரம் உக்காந்தேன், ஒண்ணும் வரல. பென்சிலை எடுப்பேன், ஒரு அன்னம் போடுவேன், இது எங்கயோ பாத்தமாதிரி இருக்கேன்னு அழிப்பேன், போனை எடுப்பேன், சும்மா ஒரு ஐடியாவுக்குப் பாக்கலாம்னு ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் போயிடும், அதுக்குள்ள நானூறு முந்தி பாத்திருப்பேன், எல்லா மயிலும் ஒரே மயிலா தெரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் ஒரு டீ, அப்புறம் பொண்டாட்டி மேல கோவம். கை நடுங்கல, கண்ணு நல்லா தெரியுது, தொழில் மறக்கல, ஆனா வரல. இதை வெளிய சொன்னா வேற ஆளை வெச்சிடுவாங்கன்னு சொல்லவும் முடியல.

சென்னையில வேலை பாக்கிற எங்க பொண்ணுதான் என்னை கேக்காமலே திருமுடிவாக்கத்துல இருக்கிற விபாசனா தியான சென்டர்ல பேர் பதிஞ்சிடுச்சு. பர்மாவுல பொறந்த கோயங்கா 1969ல இந்தியாவுல கத்துக்குடுக்க ஆரம்பிச்ச முறை அது. பத்து நாள், காசு கிடையாது, முடிஞ்சப்புறம் இஷ்டப்பட்டா குடுக்கலாம். விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பாங்க, 11 மணிக்கு மதிய சாப்பாடு, அதோட சரி, சாயங்காலம் டீயும் கொஞ்சம் பழமும் பொரியும். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. போனைக் குடுக்கச் சொன்னப்ப கூட சும்மா குடுத்துட்டேன், பாக்கெட்ல இருந்த பென்சிலையும் குடுங்கன்னாங்க, அப்பதான் வயித்துல புளியைக் கரைச்சது.

முதல் மூணு நாள் மூக்கு நுனியில மூச்சு வந்து போறதை மட்டும் பாக்கணும். ரெண்டாவது நாள் மத்தியானமே எனக்கு கதவு திறந்துக்கிச்சு சார். என்ன டிசைன், என்ன டிசைன்! யாளி வாயில இருந்து கொடி இறங்குது, கொடியில மல்லி மொக்கு, மொக்கு விரிஞ்சு மயில்கண் ஆகுது. பென்சில் இல்லயேன்னு தவிச்சுப் போயிட்டேன். மனசுக்குள்ளயே நம்பர் போட்டு ஞாபகம் வெச்சுக்கிட்டேன், மூச்சைப் பாக்கறதை விட்டுட்டு இதான் வேலை. அங்க இருந்த ஆசிரியர்கிட்ட இதை சொன்னப்ப அவர் சிரிக்கவும் இல்ல, பாராட்டவும் இல்ல, "வருது, போகுது, நீங்க மூச்சைப் பாருங்க"ன்னாரு. எனக்கு கடுப்பாயிடுச்சு.

பத்தாவது நாள் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் சட்டை கூட மாத்தல, பேப்பரை எடுத்து வெச்சு அத்தனையும் போட்டேன். போட்டு முடிச்சு தள்ளி வெச்சுப் பாத்தா, எல்லாமே யாரோ ஏற்கனவே போட்டது. ஒண்ணு பதினஞ்சு வருஷம் முன்னாடி நானே போட்ட முந்தி, அப்படியே. இன்னொண்ணு பக்கத்துத் தெருக்காரரோடது. எங்க வீட்ல சிரிச்ச சிரிப்பு அந்த சிரிப்புதான். பத்து நிமிஷத்துல ஐடியா கொட்டும்னு நீங்க எழுதறீங்க, எனக்கு பத்து நாளும் கொட்டத்தான் கொட்டுச்சு, கொட்டினது பழைய குடோன் சரக்கு.

அப்ப தியானம் வேஸ்ட்டான்னு கேப்பீங்க. இல்ல. நாலாவது நாளுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் கை கால் அசைக்காம உக்காரச் சொல்லுவாங்க, முட்டி கழண்டு விழுந்துடும் போல வலிக்கும், மாத்தி உக்காரணும்னு கை தவிக்கும், தவிக்கறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். வீட்டுக்கு வந்து வெள்ளை பேப்பர் முன்னாடி உக்காந்தா அச்சு அசலா அதே தவிப்பு. பேப்பரைப் பாத்த மூணாவது நிமிஷம் என் வலது கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, போனைத் தேடி. இத்தனை நாளா அந்தக் கை போனது எனக்கே தெரியாது! எனக்கு கற்பனை வத்திப் போகல, மூணு நிமிஷத்துக்கு மேல சும்மா உக்காரத்தான் முடியல, அதை கற்பனை போச்சு கற்பனை போச்சுன்னு பேர் வெச்சு அழுதுக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் நடந்தது தியானத்துல சேத்தியா வேலையில சேத்தியா எனக்குத் தெரியல. காலையில அஞ்சரைக்கு எழுந்து இருபது நிமிஷம் உக்காருவேன். போன் அரிசி டின்னுக்குள்ள, டின் சமையல்கட்டுல, அதை எடுக்கணும்னா எங்க வீட்டம்மாவைத் தாண்டிப் போகணும், அதை விட பெரிய லாக்கர் கிடையாது. அப்புறம் 25 நிமிஷம் டைமர் வெச்சு பேப்பர், கம்ப்யூட்டர் இல்ல. இந்த 25 நிமிஷக் கணக்கு இத்தாலிக்காரர் ஒருத்தர் காலேஜ் படிக்கிறப்ப தக்காளி ஷேப்புல இருக்கிற சமையல் டைமரை வெச்சு ஆரம்பிச்சதாம், எங்க பொண்ணு சொல்லுச்சு, நம்மகிட்ட தக்காளி இல்ல, குக்கர் பக்கத்துல வைக்கிற கருப்பு டைமர்தான். மணி அடிச்சா பூ பாதியில நின்னாலும் விட்டுட்டு எழுந்துடுவேன். முதல்ல மனசு கேக்கல, ஆனா மறுநாள் வெறும் பேப்பர்ல ஆரம்பிக்க வேண்டியதில்ல, பாதிப் பூவை முடிக்கணும், கை சூடாயிடும்.

ஆனா நிஜமா என்னைக் காப்பாத்தினது வரதராஜப் பெருமாள் கோயில் நூத்துக்கால் மண்டபம். நூறுன்னு பேரு, எண்ணினா 96 தூண்தான். விஜயநகர காலத்து வேலை, ஒத்தைக் கல்லுல குதிரை, யாளி, மேல ஏறி உக்காந்த வீரன், மூலையில கல்லுலயே செஞ்ச சங்கிலி. 2019ல அத்திவரதர் 48 நாள் எழுந்தருளினப்ப ஊரே தாங்காத கூட்டம், பக்கத்துல இருக்கிற இந்தத் தூணை எத்தனை பேர் நின்னு பாத்தாங்கன்னு தெரியல, நானே பாக்கல, உள்ளூர்க்காரன். இப்ப வாரத்துல ரெண்டு நாள் போறேன். ஒரு தடவைக்கு ஒரு தூண்தான். போட்டோ எடுக்க மாட்டேன், நோட்டும் எடுத்துட்டுப் போறதில்ல. அரை மணி நேரம் அந்த ஒரு தூணை மட்டும் மேல இருந்து கீழ வரை பாக்கறது, மூச்சைப் பாத்த மாதிரியே. கவனம் எங்கயாவது போனா திருப்பிக் கொண்டாந்து யாளியோட பிடரியில விடறது. வீட்டுக்கு வந்து ஞாபகத்துல இருந்து போடுவேன்.

என்ன ஆகும்னா பாதிதான் ஞாபகம் இருக்கும். கண்ணும் பல்லும் நல்லா வரும், பிடரி மயிர் எந்தப் பக்கம் சுருண்டுச்சுன்னு மறந்து போயிருக்கும். அந்த மறந்து போன இடத்தை கை எப்படியாவது ரொப்பியாகணும் இல்ல, அங்க ஒரு கொடியைப் போட்டு இழுத்து விடும். அது தூண்ல இல்லாதது, வாட்ஸ்அப் போட்டோல இல்லாதது. முதல் தடவை அப்படி ஒரு சுருள் வந்தப்ப நான் கிராஃப்ல ஏத்தி ரெண்டு கட்டம் இப்படி அப்படி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன், சாப்பிடக் கூப்பிட்டது காதுல விழல. போட்டோ எடுத்திருந்தா மறந்திருக்க மாட்டேன், மறக்காம இருந்திருந்தா அந்தச் சுருள் வந்திருக்காது. எங்க தாத்தா காலத்துல ஒரு புடவையைப் பாத்துட்டு வந்து ஞாபகத்துல போட்டாங்க, அதனாலதான் ஒரே இருதலைப்பட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சுன்னு எனக்குத் தோணுது. இப்ப எல்லாரும் ஒரே போட்டோவைப் பாக்கறோம்.

உங்க கட்டுரையில விஞ்ஞானம்னு ஒரு வார்த்தை வந்துச்சு, விவரம் வரல. நெதர்லாந்துல லைடன் யுனிவர்சிட்டிக்காரங்க 2012ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டிருக்காங்க, பொண்ணு கண்டுபிடிச்சு எனக்கு தமிழ்ல சொல்லுச்சு. ஏற்கனவே தியானப் பழக்கம் இருக்கிறவங்களை வெச்சு ரெண்டு வகையை தனித்தனியா பாத்திருக்காங்க, ஒண்ணு ஒரே இடத்துல கவனத்தைக் குவிக்கறது, இன்னொண்ணு எது வந்தாலும் ஒட்டிக்காம திறந்து வெச்சுப் பாக்கறது. புதுசு புதுசா யோசிக்கறதுக்கு ரெண்டாவதுதான் கை குடுத்துச்சாம், முதல் வகைக்கு அந்த அளவு இல்ல. அதாவது தியானம்னு ஒரே பாட்டில்ல ஊத்தி எல்லாருக்கும் ஒரு மூடின்னு குடுக்க முடியாது. அதே மாதிரி மனசுக்கு மாத்திரை சாப்பிடறவங்க, பெரிய துக்கத்துல இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம பத்து நாள் மௌனத்துல போய் உக்காரக்கூடாது, சென்டர்ல ஃபார்ம்லயே இதைக் கேக்கறாங்க. என் கூட வந்த ஒரு தம்பி நாலாவது நாள் அழுதுட்டே கிளம்பிப் போனான், அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். உங்க பேப்பர்ல இதுக்கு ஒரு வரி இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவமாத்தான் சொல்றேன். வராம போறதுக்கு எல்லாமே மனசுதான் காரணம்னு எழுதறது கடைக்காரருக்கு ரொம்ப வசதி. முந்தி டிசைனுக்கு முன்ன ஒரு மாசம் குடுப்பாங்க, இப்ப நாலு நாள். போட்டுக் குடுத்த டிசைன் பிடிக்கலைன்னா காசு இல்ல, அதே டிசைன் ரெண்டு மாசம் கழிச்சு வேற தறியில ஓடும். இதுக்கு நான் மூச்சை எத்தனை தடவை கவனிச்சாலும் சரியாகாது. நாலு நாள்னு ஒத்துக்கிட்டதுதான் நான் பண்ண முதல் தப்புன்னு எனக்கு விபாசனாவுல தெரியல, அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு வரவு செலவு நோட்டுல தெரிஞ்சது. இப்ப பத்து நாளுக்குக் குறைஞ்சு எந்த முந்தியும் எடுக்கறதில்ல. ரெண்டு கடை போயிடுச்சு. ஒண்ணு திரும்பி வந்துச்சு.

அந்த ஆவணி ஆர்டர் ஆறுல நாலுதான் குடுத்தேன், அதுவும் ரெண்டு சுமார் ரகம்னு எனக்கே தெரியும். யாளிச் சுருள் அதுல இல்ல, அது பங்குனியில வந்தது, இப்ப பிள்ளையார்பாளையத்துல ஒரு தறியில ஓடிக்கிட்டு இருக்கு, அரக்கு உடல், பச்சைக் கரை, ரெண்டுக்கும் தனித்தனி ஊடை ஓட்டிக் கோக்கற கோர்வை நெசவு. நீங்க அடுத்த தடவை இதைப் பத்தி எழுதறதா இருந்தா கடற்கரைப் பொண்ணு போட்டோவுக்கு பதிலா நிருபரை இங்க அனுப்புங்க, காட்டறேன், காலையில ஆறரைக்கு மேல வரச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி போன் அரிசி டின்ல இருக்கும், எடுக்க மாட்டேன்.

லெட்டரைப் போட்டா என் பேர் போட வேணாம் சார், ஊர் மட்டும் போடுங்க. அந்தக் கடைக்காரரும் உங்க பேப்பர்தான் வாங்கறாரு.

இப்படிக்கு,
ஒரு கிராஃப் டிசைனர்,
காஞ்சிபுரம்