மாத்தூர் ஆற்றங்கரை நடைபாதை: மழைக்கு முன் முடிக்க இன்னும் ரூ. 6,75,000 வேண்டும்

பேரன்புடையீர்,

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியிலிருந்து பறளியாற்றின் கரையோரமாகக் குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றி நடந்து செல்வதற்கென நாம் தொடங்கிய நடைபாதைப் பணி, பணமில்லாமல் பாதியில் நின்றுவிடுமோ என்ற கவலையோடு இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். மொத்த மதிப்பீடு ரூ. 18,40,000. பங்குனி மாத முடிவு வரை கைக்கு வந்தது ரூ. 11,65,000. குறைவது ரூ. 6,75,000. ஒப்பந்தக்காரர் பேசிய விலைக்கே செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருப்பது மே 15 வரைதான். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். பெருஞ்சாணி அணை நிறைந்து உபரிநீரைத் திறந்துவிட்டால் கரையில் கல் அடுக்க எவராலும் இயலாது. அதை அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழையும் நம் குமரி மாவட்டத்துக்கு உண்டு என்பதால், இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் தை மாதம் வரை காத்திருக்க நேரும். அதற்குள், இதுவரை இட்ட செம்மண் கரையையும் ஆறு கொண்டுபோய்விடும்.

இப்பாதையை நாம் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ரப்பர் விளைகளுக்கும் ஆற்றுக்கும் இடையே ஓடும் இந்த ஒற்றையடிப் பாதையில் பால் வெட்டப் போனவர்களும், கடவுக்குக் குளிக்கப் போனவர்களும், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறார்கள். பாலமோ அதற்குப் பின்னர் வந்தது. தொட்டிப்பாலம் எழுந்த கதையை நம் மூத்தோரிடம் கேட்டுவிட்டால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டத்தின் வறண்ட மேட்டு நிலங்களுக்கு நீர் கொண்டுசெல்ல, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1966-இல் முடிந்த பாலம் அது. ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு, 28 தூண்களின் மேல், ஏறத்தாழ 115 அடி உயரத்தில், பட்டணங்கால் கால்வாயின் நீரைத் தொட்டியாகவே தாங்கிச் செல்கிறது. அந்தத் தூண்களுக்குத் தலையில் கல்லும் மணலும் சுமந்தவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆசியாவிலேயே இப்படியொன்று இல்லை என்று அவர்கள் சொல்லும்போது, மறுத்துப் பேசும் துணிவு இக்குழுவில் யாருக்கும் இருந்ததில்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

கீழ்நோக்கிச் செல்லும் இதே ஆறு, மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு சேர்ந்து தாமிரபரணி (நெல்லைத் தாமிரபரணி வேறு) எனப் பெயர் பெற்று, திக்குறிச்சி மகாதேவரின் திருவடியைக் கடந்து, குழித்துறையில் ஆடி அமாவாசைப் பலிதர்ப்பணத்துக்கு இடம் தந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் ஆறாட்டுக்கு எழுந்தருளுவதும் மூவாற்றுமுகத்துக்குத்தான். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 2022 ஜூலையில் அத்திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது நம் ஊர்கள் எப்படித் திரண்டன என்பதை அனைவரும் அறிவோம். பெருமாள் நீராடும் ஆற்றின் கரையைப் பேணுவதும் அத்திருப்பணியின் ஒரு பகுதியே என்பது எங்கள் எண்ணம்.

நடையை வழிபாடாகவே கொண்ட மக்கள் நாம். சிவராத்திரியையொட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும், கையில் விசிறியோடு, "கோபாலா, கோவிந்தா" என்று முழங்கியபடி ஓடியும் நடந்தும் தரிசிக்கும் வழக்கம் வேறெங்கே இருக்கிறது? ஆயினும், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்க, இந்த வட்டாரத்தில் ஓரிடம் சொல்லுங்கள் பார்க்கலாம். சாலை ஓரங்களைப் பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரிகள் எடுத்துக்கொண்டன. கடற்கரையில் நிழல் இல்லை. எஞ்சியிருப்பது இந்த ஆற்றங்கரைதான்.

பாலத்தைப் பார்க்க வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் மேலே தொட்டியின் ஓரமாக ஒருமுறை நடந்து, படிக்கட்டில் இறங்கி, கீழே பூங்காவில் சற்று இருந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அதற்கப்பால் போக முடிந்தவர்களுக்கே இந்த இடத்தின் அருமை தெரியும். தூண்களைத் தாண்டியதும் அயினியும் புன்னையும் மூங்கிலும் ஆற்றின் மேல் கவிந்து நிற்கும். நண்பகலிலும் வெயில் காசளவுக்குத்தான் தரையில் விழும். ஆவணி வாக்கில் ரப்பர்க் காய்கள் பட்டென்று வெடித்துச் சிதற, பிள்ளைகள் அந்தப் புள்ளி போட்ட விதைகளைப் பொறுக்கிக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி ஒருவர் கையில் ஒருவர் வைத்துக் கத்துவார்கள். தேங்காய்ப்பட்டணம், இரையுமன்துறைப் பக்கத்திலிருந்து விடுமுறை நாள்களில் வரும் கடற்கரைக் குழந்தைகளுக்கு இது முற்றிலும் வேறோர் உலகம். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும்.

ஆனால், இரண்டாவது ஓடை குறுக்கிடும் இடத்தில் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கரையிலிருந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேர் பிடித்திருந்த மண் தளர்ந்துபோயிருந்த நிலையில், 2021 நவம்பர் வெள்ளம் சிறு தரைப்பாலமான சப்பாத்தையும் கடவுப் படிகளையும் அடித்துச் சென்றது. இப்போது அங்கே கிடப்பது பாசி படிந்த இரண்டு தென்னந்தடிகள். அதன்மேல் ஒரு தந்தை கைக்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்துக் கால் வைத்து நகர்வதையும், தாய் இக்கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் எந்த விடுமுறை நாளிலும் காணலாம். கீழே ஆழம் குறைவு என்று சொல்லிச் சமாதானம் அடைய வேண்டாம். முன்பு மணல் அள்ளிய இடங்களில் கயங்கள் என்னும் ஆழக் குழிகள் இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்த பிறகு கூடி நின்று வருந்துவதால் எவருக்கும் பயனில்லை.

செலவை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். கரை சரியாமலிருக்கக் கருங்கல் பக்கச்சுவருக்கு ரூ. 5,20,000; ஓடையின் மேல் கைப்பிடியோடு கூடிய சிறு பாலத்துக்கு ரூ. 4,10,000, படி ஏற இயலாத முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் இறங்குவதற்கான சாய்தளத்துக்கு ரூ. 3,60,000, தண்ணீர் வசதியுடன் இரண்டு கழிப்பறைகளுக்கு ரூ. 2,80,000, நிழலில் அமரக் கல் இருக்கைகளுக்கு ரூ. 1,20,000, புயலில் விழுந்தவற்றுக்கு ஈடாக அயினி, புன்னை, மருதம் நடவும் வேலி கட்டவும் ரூ. 90,000, ஆழம் குறித்த எச்சரிக்கைப் பலகைகள், மிதவை வளையங்கள், கயிறு ஆகியவற்றுக்கு ரூ. 60,000. கழிப்பறை எதற்கு என்று கேட்டவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். சுவர் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. சாய்தளத்துக்கு அடித்தளம் போட்டாயிற்று. பாலத்துக்கான இரும்பு வாங்கக்கூடக் கையில் இருப்பது போதவில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நாங்கள் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். முதல் பணமாக ஒருநாள் கூலியை அப்படியே கொண்டுவந்து தந்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அதுவும் மழையால் வெட்டு நின்றிருந்த மாதத்தில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் பெயர் வெளிவரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, பாதை திரும்பும் இடத்தில் தம் விளையிலிருந்து ஆறடி அகல நிலத்தை எழுதிக் கொடுத்தார். மகளிர் குழுவினர் சந்தா சேர்த்ததோடு நில்லாமல், கல் இறக்கிய நாள்களில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஆட்டோ ஓட்டும் தம்பிமார் வாடகை வாங்காமல் சிமெண்டு மூட்டைகளை ஏற்றி வந்தார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைத்த தொகையில் ஒரு பங்கைத் திருச்சபையார் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் துண்டேந்திச் சேர்த்த பணத்தைச் சில்லறையோடு எண்ணித் தந்தார்கள். கோயில் பக்தர்கள் சிவாலய ஓட்டத்தில் சுக்குநீர் வழங்கியதுபோக மிஞ்சியதை நம்மிடம் ஒப்படைத்தார்கள். வளைகுடாவில் பணிபுரியும் இளைஞர்கள் அனுப்பியது மட்டும் ரூ. 3,10,000. ஒக்கியில் தம் உறவுகளையே கடலுக்குக் கொடுத்த கடற்கரை ஊர்களிலிருந்தும் பணம் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள எங்கள் கை கூசியது என்பதே உண்மை.

இவ்வளவு பேர் கொடுத்த பின்னும் குறைவு ஏன் என்று கேட்பீர்கள். பாதையைப் பயன்படுத்துவோர் பலர்; ரசீதுப் புத்தகத்தில் பெயர் இருப்போர் சிலர். திருமணத்துக்கு முன்னும் பின்னும் இந்தத் தூண்களின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களை நாங்கள் கணக்கெடுக்கவில்லை. அவரவர் சுவரில் அப்படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. ஓர் இரவுக் கானமேளாவுக்கும் வாணவேடிக்கைக்கும் வரி பிரிக்கும்போது மறுக்காத கைகள், பிள்ளைகள் நடக்கும் பாதைக்கு "அரசாங்கம் செய்யட்டும்" என்று மடங்கிவிடுவது முறையா? அரசு செய்ய வேண்டியதை வற்புறுத்திக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவரை ஓடையைப் பிள்ளைகள் எப்படித் தாண்டுவது? இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவோடு இரவாக இறைச்சிக் கழிவைச் சாக்கில் கட்டி இதே ஆற்றில் எறிபவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமல்லர். பணம் தர இயலாதவர்கள் அதை நிறுத்தினாலே பெரும் நன்கொடைதான்.

ஆயிரம் ரூபாய் தர 675 குடும்பங்கள் முன்வந்தால் குறைவு தீர்ந்துவிடும். நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் அத்தனை குடும்பங்கள் இல்லையா? இயன்றவர்கள் பெற்றோர் நினைவாக ஒரு கல் இருக்கையின் செலவை ஏற்கலாம். ஓர் இருக்கைக்கு ரூ. 10,000. மரக்கன்று, கல், மணல், இரும்பு என்று பொருளாகவும் தரலாம். இரண்டு நாள் உடலுழைப்பாகவும் தரலாம். கல்வெட்டில் தொகையைப் பொறிப்பதில்லை என்றும், பெயர்களை அகர வரிசையில் மட்டுமே பொறிப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். இதனால் பெரிய தொகை ஒன்று கைநழுவிப் போனது, போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை பாலத்தடிப் பூங்காவின் அருகில் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். முத்திரையிட்ட ரசீது இல்லாமல் எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு அதே இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஐயம் உள்ளவர்கள் பில்களைக் கேட்டுப் பார்க்கலாம். வங்கி வழியாக அனுப்புவோர் மே 10-க்குள் அனுப்பினால், ஒப்பந்தக்காரருக்கு மே 15-க்குள் முன்பணம் செலுத்தி இரும்பை இறக்கிவிட முடியும்.

இங்ஙனம்,
ஆற்றங்கரை நடைபாதைப் பணிக் குழுவினர்