படத்தில் பின்னால் நிற்கும் பெண் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குப் போய் இரண்டு வாரம் தொண்டு செய்து திரும்பிய நம் ஊர்க் கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் படம். மாணவர்கள் இருவருக்கும் பின்னால், ஓரத்தில், கக்கத்தில் ஒரு நோட்டை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். மாணவர்களின் பெயரும் கல்லூரியும் படத்துக்குக் கீழே இருக்கின்றன. அவருக்கு மட்டும் ‘உள்ளூர்ப் பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்த நோட்டைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

1981 முதல் 1986 வரை நைஜீரியாவில், அபகாலிகி பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தொண்டு செய்யப் போனவன் இல்லை, சம்பளத்துக்குப் போனவன். எண்ணெய்ப் பணம் புரண்ட காலம் அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் எத்தனையோ பேர் அப்படிப் போனோம். நைராவின் மதிப்பு விழுந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அங்கே ஹார்மட்டான் காற்று வீசத் தொடங்கும் மாதங்களில் வகுப்பு பாதியாகிவிடும். சஹாராவிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்று. குட்டைகள் எல்லாம் வற்றிச் சுருங்கிக் கிடக்கும். வராத பையன்களை நான் சோம்பேறிகள் என்றே நினைத்தேன். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போடுவேன், திரும்பி வந்ததும் வெளியே நிற்க வைப்பேன். அப்படி நிற்க முடியாமல் ஒருவன் உட்கார்ந்துவிட்ட அன்றைக்குத்தான் அவன் கணுக்காலைப் பார்த்தேன். புண்ணிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதை ஒரு குச்சியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நரம்புச் சிலந்தி. பாட்டி வாயில் கேட்ட பெயர், கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளரும் புழு அது. ஒரே இழுப்பில் எடுக்க முடியாது, அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். நாளுக்குச் சில சென்டிமீட்டராகக் குச்சியில் சுற்றிச் சுற்றி, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். எரிச்சல் தாங்காமல் காலைக் குட்டையில் வைத்தால் அந்தக் கணமே புழு தன் குஞ்சுகளை லட்சக்கணக்கில் தண்ணீரில் விட்டுவிடும். அவற்றைச் சைக்ளோப்ஸ் என்னும் பொடிப்பூச்சி தின்னும், அந்தத் தண்ணீரை மனிதன் குடிப்பான், ஒரு வருடம் கழித்து அவன் காலில் இன்னொரு புழு தலை நீட்டும். அம்மா படுத்துவிட்டால் மூத்த பெண் பிள்ளை தண்ணீர் சுமக்க வீட்டில் நின்றுவிடுவாள், அவளுக்கும் படிப்பு போயிற்று. அபகாலிகி அரிசி அந்த நாட்டில் பேர்போனது. தென்கிழக்கு நைஜீரியாவின் நெல் விவசாயிகள் இந்தப் புழுவால் வருடத்துக்கு 2 கோடி டாலர் இழக்கிறார்கள் என்று 1987-ல் யுனிசெஃப் கணக்கிட்டது. மாலியின் டோகோன் மக்கள் இதைக் ‘காலிக் குதிர் நோய்’ என்பார்களாம். அறுவடை நேரத்தில் ஆளைப் படுக்கப் போட்டால் குதிரில் என்ன இருக்கும்?

இதற்குத் தடுப்பூசி இல்லை, மருந்தும் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். அப்புறம் எப்படி 1986-ல் உலகம் முழுக்கச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2024-ல் 15 பேருக்கு என்று குறைந்தது? அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரின் பெயரைச் சொல்வார்கள், நியாயம்தான். அவர் நிறுவிய கார்ட்டர் மையம்தான் இந்த நோயை ஒழிக்கும் இயக்கத்தை முன்நின்று நடத்தியது. ஆனால் வேலை நடந்தது குட்டைக் கரையில். இன்று வயலுக்கு வராதவன் யார், யார் வீட்டில் பிள்ளை நொண்டுகிறது, யார் புண்ணை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். ஒருவர் ஒரு முறை காலை நனைத்தால் ஊருக்கே அடுத்த வருடம் கதி அதோகதி. அதைக் காவல் காக்க இரண்டு வாரம் போதாது. அதனால் ஊர் ஊராக அங்கேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள்.

நான் ஊர் திரும்பி ஏழெட்டு வருடம் கழித்து, வெளியே நிற்க வைத்தேனே, அந்தப் பையனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன்தான் இப்போது அந்த ஊரின் தொண்டனாம். தினமும் காலையில் வீடு வீடாகப் போகிறான். புழு தலை காட்டினால் கட்டுப் போடுகிறான், குணமாகும்வரை அந்த ஆளைக் குட்டையில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறான், நோட்டில் குறித்து மேலே அனுப்புகிறான். எழுதப் படிக்கத் தெரியாத தொண்டர்கள் படம் போட்ட தாளில் கோடு கிழித்துக் கொடுப்பார்கள் என்றும் எழுதியிருந்தான். உறைக்குள் கைக்குட்டையில் பாதி அளவுக்கு ஒரு நைலான் துணித்துண்டு. பானை வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டும் துணி, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம்தான் எப்போதும் மேலே இருக்க வேண்டும், மாற்றிவிட்டால் பூச்சி பானைக்குள் போய்விடும் என்று விளக்கம் வேறு. எனக்கே பாடம் நடத்துகிறான்! இதற்கு என்ன தருகிறார்கள் என்று பதில் எழுதிக் கேட்டேன். ஒரு டீ-சர்ட், கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான்.

1980-களின் கடைசியில் நாடு முழுக்கத் தேடிக் கணக்கெடுத்தபோது நைஜீரியாவில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். கடைசி நோயாளி 2008-ல், எனுகு மாநிலத்தில். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நாமும் இந்த வழியில் வந்தவர்கள்தான், இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டுபிடிக்கப்பட்டார்.

இதே மாதிரி ஆட்கள்தான் ஆற்றுக் குருட்டு நோய்க்கு வருடந்தோறும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்ததும். எடை பார்க்கும் கருவி இல்லாத ஊர்களில், அடையாளம் போட்ட ஒரு கம்பை நிறுத்தி, ஆளின் உயரத்தைப் பார்த்து இத்தனை மாத்திரை என்று முடிவு செய்வார்கள். சாட் நாட்டில் இப்போது நாய்களுக்கும் நரம்புச் சிலந்திப் புழு வருகிறது. அங்கே வீட்டுக்காரரிடம் கெஞ்சி நாயைக் கட்டிப்போட வைப்பதும், மீன் குடலை நாய்க்குப் போடாமல் புதைக்கச் சொல்வதும் இவர்கள் வேலைதான்.

சும்மா செய்கிறார்களே என்று நாம் உருகிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டீ-சர்ட்டை வைத்து யாரும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. எத்தியோப்பியா 2000-களில் பத்தாம் வகுப்பு படித்த கிராமத்துப் பெண்களை ஒரு வருடம் பழக்கி, அரசுச் சம்பளத்தில் சுகாதார ஊழியர்களாக அமர்த்தியது, 30,000 பேருக்கு மேல். இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகள் போகட்டும், பார்க்கட்டும், அவர்கள் மனசு விரியும். ஆனால் அந்த விமான டிக்கெட் காசில் அப்படி ஒருவருக்குப் பல மாதச் சம்பளமும் ஒரு சைக்கிளும் கிடைக்கும் என்பதை யாராவது கிளம்பும் முன் அவர்களிடம் சொன்னால் தேவலை. பழுதான அடிபம்புக்கு வாஷர் மாற்றத் தெரிந்த ஒருவரை அங்கே உருவாக்கிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. சுவருக்கு வண்ணம் அடிக்க அந்த ஊரிலேயே ஆள் இருப்பார்கள்.

படத்தில் இருக்கும் பெண் எந்த வேலை பார்க்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நோட்டைப் பிடித்திருக்கும் விதத்தை வைத்துச் சொல்கிறேன். கட்டுரை எழுதியவரிடம் மாணவர்களின் தொலைபேசி எண் இருக்கும், இரண்டு வாரம் கூடவே இருந்தவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டு, அவருக்கும் சம்மதம் என்றால், அடுத்த இதழில் திருத்தமாக ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
நாகர்கோவில்.