முள்ளும் சுணையும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

தோட்டத்தில் சாயாக் கீரை வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று இங்கே அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்துக்குத் தெற்கே மலையடிவாரங்களில் முளைக்கிறது. மாலா முஹேர் என்பார்கள். ஆமணக்கு, காஞ்சொறி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம்தான். கோடை மழை விழுந்ததும் பாறை இடுக்கிலிருந்து தழைத்து வரும். பூ வெள்ளை. இலையெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அழகாயிருக்கிறதே என்று தொட்டால் போச்சு. குனிந்து பார்த்தால் தெரியும், புள்ளிக்குப் புள்ளி ஒரு சுணை கண்ணாடி ஊசியாக விறைத்து நிற்கும். பட்டதும் நுனி ஒடிந்து, உள்ளிருக்கும் நஞ்சு தோலுக்குள் இறங்கிவிடும். (உன் கீரையையும் பச்சையாகத் தின்றுவிடாதே. சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. 20 நிமிடமாவது வேகட்டும்.)

கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனப் பக்கம் பாறைச் சரிவில் வளரும் ராக் நெட்டில் என்ற புதர் வேறு குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளின் சுணை நுனி கால்சியம் பாஸ்பேட்டால் கெட்டிப்பட்டிருக்கிறது என்று 2016-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். நம் பல்லும் எலும்பும் அதே சரக்குதான், சேகர். மேய வரும் விலங்கின் நாக்குக்கு எதிராகச் செடி இதைச் செய்துவைத்திருக்கிறது. படித்ததிலிருந்து எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

இங்கே சிலர் இந்தச் செடிகளைக் கண்டாலே பிடுங்கி எறியச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டூசானில் வருஷத்துக்குப் பெய்யும் மழை சென்னை மழையில் கால் பங்குகூட இல்லை. அந்தத் தண்ணீரில் விட்ட இலையை ஆடுமாடு கடித்துவிட்டால், மறுபடி துளிர்க்க எங்கே போகும்? காவல் வேண்டாமா?

டெடி பேர் கள்ளியை எடுத்துக்கொள். அதன் முள் காவலுக்கு மட்டுமில்லை, தண்டுக்கு நிழலும் அதுதான். முள்ளில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் லேசாக உரசினாலே கணு, அதாவது தண்டின் ஒரு துண்டு, கழன்று துணியிலோ தோலிலோ மாட்டிக்கொள்ளும். விழுந்த இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும். விதையைவிட இந்த வழியில்தான் அது அதிகம் பரவுகிறது. அந்த முள்ளுக்குள்ளேயே கள்ளிச்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. காட்டெலிகள் உதிர்ந்த கணுக்களை இழுத்துவந்து வளைவாசலில் குவித்து வேலி போட்டுக்கொள்கின்றன. ஒரு கள்ளியைப் பிடுங்கினால் இவை எல்லாவற்றுக்கும் வீடு போகும்.

சரி, பிப்ரவரியில் நீயும் மங்கையும் வருவது உறுதிதானே? குளிரில் மாலா முஹேர் வேரோடு ஒடுங்கியிருக்கும், பார்க்க முடியாது. கள்ளிக்காட்டுக்குக் கட்டாயம் கூட்டிப்போகிறேன். செருப்பு சரிப்படாது, மூடிய ஷூ கொண்டு வா. முள் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது, அடியில் சீப்பைக் கொடுத்து நெம்ப வேண்டும். சீப்பு என்னிடம் இருக்கிறது. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
ரகு