செல்விக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்பு மகள் செல்விக்கு,

உன் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தை நீ அனுப்பியிருந்தாயே, நிதானமாகப் படித்தேன். அம்மா பயப்படுவது போல உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக அதில் எங்கும் இல்லை. கனடாவில் ஒரு வருஷம் வேலை பார்த்தது நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான் சொல்கிறார்கள். உன் கம்பெனி கொடுத்த லெட்டரில் பதவியும் சேர்ந்த தேதியும் இருக்கின்றன. என்ன வேலை செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் என்ன என்பதைக் காணோம். அந்த ஒரு வருஷத்துக்கு 1,560 மணி நேர வேலைக் கணக்குக் கேட்கிற அதிகாரிக்கு அது எப்படிப் போதும்? இத்தனை வருஷம் டீ ஃபேக்டரி ஆபீஸில் குப்பை கொட்டிய எனக்கே அந்த லெட்டர் அரைகுறையாகத்தான் தெரிகிறது.

அப்புறம், அந்த கோயம்புத்தூர் ஏஜென்ட். "வேலை விவரத்தைக் கொஞ்சம் மாத்தி நாமே ஒரு லெட்டர் ரெடி பண்ணிடலாம்" என்றாராமே. வேண்டவே வேண்டாம். மறுப்பு வந்தவர் மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய்க் காகிதம் கொடுத்து மாட்டினால் அந்த ஊர் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி 5 வருஷத் தடை. அதுவரை பி.ஆர். பேச்சையே எடுக்க முடியாது. ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது என்று சொன்னாலும் எடுபடுவது கஷ்டம். கையெழுத்து உன்னுடையது.

அடுத்தவர் எழுதிய காகிதத்தால் நம் குடும்பம் ஏற்கெனவே பட்டிருக்கிறது. உன் தாத்தா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அந்த ஊர் 1948 குடியுரிமைச் சட்டம் அவரை நாடில்லாதவராக்கியது. மறு வருஷம் வந்த சட்டத்தில் ஒரு வழி இருந்தது. கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து சிலோனில் இருந்ததைக் காட்டினால் பிரஜையாகப் பதியலாம். தாத்தாவும் மனுப் போட்டார். செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) முத்துச்சாமி, பிறப்புப் பதிவில் முத்தன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஏதோ எழுதிக் கொடுத்தார். விசாரணையில் கேட்டபோது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தாத்தாவுக்கே தெரியவில்லை. மனு தள்ளுபடி. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றார்கள். அந்தக் கணக்கில் நாங்களும் வந்தோம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அப்போது கொடுத்த குடும்ப அட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் தாத்தா பெயர் முத்துசுவாமி!

சரி, இப்போது ஆக வேண்டியதைப் பார். ஒரு நல்ல குடிவரவு வக்கீலிடம் இந்த வாரமே போ. வக்கீல் என்றால் உன் மாகாணத்து லா சொசைட்டி (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கன்சல்டன்ட் என்றால் அவர்களுக்கென்று உள்ள, காலேஜ் என்கிற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் ஆன்லைனில் பார்க்கலாம். நம்ம ஏஜென்ட் உன் விண்ணப்பத்தில் பிரதிநிதி என்று தன் பெயரைப் போடவே இல்லை, கவனித்தாயா? காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த வாரமே என்று நான் அவசரப்படுத்தக் காரணம் இருக்கிறது. கனடாவுக்குள் எடுத்த முடிவை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 15 நாள்தான் கெடு. கோர்ட் உனக்கு பி.ஆர். தராது, அதிகாரி செய்தது தப்பென்று பட்டால் வேறொரு அதிகாரி மறுபடி பார்க்கட்டும் என்று அனுப்பும். 5 டாலர் கட்டி, அதிகாரி ஃபைலில் எழுதிய ஜி.சி.எம்.எஸ். நோட்ஸையும் கேட்டு வாங்கு. அது வர ஒரு மாதம் ஆகலாம், அதற்காகக் கெடுவைத் தவற விடாதே. என் புத்திக்கு எட்டியவரை கோர்ட்டைவிட, கம்பெனியிடம் ஒழுங்கான லெட்டர் வாங்கி, சம்பள ஸ்லிப்பும் டி-4 படிவமும் (கம்பெனி தரும் வருஷ சம்பள, வரிக் கணக்கு) சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் உனக்கு நல்லது. ஆனாலும் முடிவை வக்கீல் சொல்லட்டும்.

முதலில் ஒர்க் பர்மிட் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்து எனக்கு எழுது. முடிந்துபோனாலும் 90 நாளுக்குள் அங்கே தங்கும் ஸ்டேட்டஸை மீட்கக் கேட்கலாம்; ஆனால் அதுவரை வேலைக்குப் போகக் கூடாது. வாடகை எப்படிக் கட்டுவாய்? அதனால் முடிவதற்கு முன்பே வக்கீலிடம் வழி கேட்டு வை.

ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாதே. சீட்டை எடுத்துவிட்டேன். எவ்வளவு, எது எதற்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டு. டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் முழுப்பெயர் என்று இருப்பதையும் வக்கீலிடம் மறக்காமல் சொல். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் திங்கட்கிழமை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வேறு எது வேண்டுமானாலும் சொல், ஊட்டிக்குப் போய் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அப்பா