இழுத்தால் முறியும் சைலன்சர் ஸ்டட்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை விட்டதும் மும்பையில் பழைய பிக்கப் வண்டிகளுக்குச் சைலன்சர் வேலை வரிசைகட்டும். சசூன் டாக்கில் மீன் ஏற்றும் வண்டிகள் பாடு இன்னும் மோசம். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு ஐஸ் தண்ணீர் அடியில் இருக்கும் இரும்பையெல்லாம் தின்கிறது. இப்படி இறுகிப்போன நட்டில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் நாலடி பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுப்பதை நம் பட்டறைகள் இன்னும் விடவில்லை. நட்டு கழலாது, அது ஏறியிருக்கும் தலையில்லாத மரைக்கம்பியான ஸ்டட்தான் முறியும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி அது இறுகுகிறது. ஸ்டட்டோ வருடக்கணக்கில் சூடேறி ஆறி, அரித்து மெலிந்திருக்கிறது. எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

பைப்பும் பைப்பும் சேரும் விளிம்புத் தட்டான ஃபிளாஞ்சில் ஊடுருவிப் போகும் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிரைண்டரால் அறுத்துத் தள்ளிவிட்டுப் புதிது போடலாம். பொறுமை வேண்டியது, இன்ஜின் புகையைத் திரட்டி பைப்புக்கு அனுப்பும் மேனிஃபோல்டில் பதிந்த ஸ்டட்டுக்குத்தான். முதல் நாள் மாலையே, இன்ஜின் ஆறியபின், கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துத் துரு இளக்கும் ஸ்பிரேயை அடியுங்கள்; காலையில் இன்னொரு முறை. டீசல் ஊற்றுவது சிக்கனம்தான், பலன் குறைவு. பன்னிரண்டு மூலை சாக்கெட் வழுக்கி நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஆறு மூலைதான் சரி. 13 மி.மீ. நட்டு அரித்துச் சிறுத்திருந்தால் 12 மி.மீ. சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம்.

முதலில் துளி இறுக்கி, பிறகு அரைக்கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, இப்படியே முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். கைக்கு ரப்பர் மாதிரி நெளிவு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நட்டு சுற்றவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுக்கலாம். ஸ்பிரே எண்ணெயைத் துடைத்த பிறகே தீ. ஸ்டட்டை அல்ல, நட்டை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்க வேண்டும். விரிய வேண்டியது அதுதான். சிவப்பு மறைந்ததும் மெழுகுவத்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். பக்கத்தில் டீசல் பைப், பிரேக் ஹோஸ், ஒயரிங் இருந்தால் தகடு வைத்து மறைத்து, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கிளம்பும். இதைப் பலரும் அறியாமல் செய்கிறார்கள்.

எவ்வளவு பார்த்தாலும் சில முறியும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் செய்து, சூடு தணிந்து வரும்போது அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கு முன் பேட்டரி ஒயர்களைக் கழற்றி, எர்த் கிளாம்பை மேனிஃபோல்டிலேயே மாட்டுங்கள். மட்டத்தோடு முறிந்தால் நட்டநடுவில் பஞ்ச் அடித்து டிரில் போடுவதே வழி: 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. இடைவெளியும் உள்ள மரைக்கு 6.8 மி.மீ. துளை, 10 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளிக்கு 8.5 மி.மீ. துளையில் செருகித் துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கருவியை நம்ப வேண்டாம். உள்ளே முறிந்தால் அதைச் சாதாரண டிரில் தொடக்கூட முடியாது.

திருப்பிப் பூட்டும்போது ஸ்டட், நட்டு, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் மூன்றும் புதிதாக இருக்கட்டும். மரையில் செம்புப் பசை மெல்லிசாகத் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. பசை தடவிய மரை வழுக்கும். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (முறுக்கும் அளவை) அப்படியே கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும். ஒருமுறை ஓட்டி ஆறவைத்து மீண்டும் சரிபாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம், இணைப்பில் கரி என்றால் அங்கே கசிகிறது. "சத்தம்தானே" என்று விடாதீர்கள். மார்க்கெட் வரிசையில் இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் கண்ணயரும் டிரைவருக்கு, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வருவது தெரியாது.

இப்படிக்கு,
பிக்கப் வண்டி மெக்கானிக்குகள்,
தாராவி, மும்பை - 17