ஓசூரில் இருக்கிற என் பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை பரவாயில்லை, கொல்லையில் ராகி கதிர் பிடித்து நிற்கிறது. பெங்களூரா மாந்தோப்பை இந்த வருஷமும் பழைய மண்டிக்காரருக்கே குத்தகைக்கு விட்டேன், பாக்கியைத் தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நீ எடுத்தால்தானே. எடுத்தாலும் “அப்புறம் பேசுகிறேன்மா” என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த 2021 மே மாதம் சட்டசபைத் தேர்தல் ரிசல்ட் வந்து நம் அ.தி.மு.க. ஆட்சி போனபோது ஊரடங்கு. மச்சான் வீட்டிலேயே இரு, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அலையாதே என்று நான்தான் சொன்னேன். இப்போது பஸ் ஓடுகிறது, கடைகண்ணி திறந்திருக்கிறது, கல்யாணம் காட்சி எல்லாம் நடக்கிறது. நீ கவுன்சிலராக இருக்கிற பஞ்சாயத்து ஒன்றியக் கூட்டமும் நடந்தது. நீ வரவில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்காதே, ரேஷன் கடை வரிசையில் நின்றாலே காதில் விழுகிறது.

போன வாரம் வீட்டுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர். அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உன் ஓசூர் விலாசம் கேட்டார்கள். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒருவர், “எம்.எல்.ஏ. கட்சி மாறினால்தாம்மா பதவி போகும், கவுன்சிலருக்கு அந்தச் சட்டம் கிடையாது” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். விலாசம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? சரி, அதை விடு.

“ஆட்சியே போய்விட்டது, நான் அங்கே போய் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறேன்” என்று அக்காவிடம் சொன்னாயாம். அதைத்தான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணு, உன்னைக் கோட்டையில் இருக்கிறவர்களா கவுன்சிலர் ஆக்கினார்கள்? ஒன்றியக் கவுன்சிலர் என்றால் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு ஒரு ஆள். 2020 ஜனவரி 2ஆம் தேதி விடிய விடிய ஓட்டு எண்ணி, சான்றிதழோடு வந்து என் காலில் விழுந்தாயே, அப்போது அது அந்த ஐயாயிரம் பேர் கொடுத்தது என்று நீதானே சொன்னாய். சின்னம் கட்சியுடையது, ஒப்புக்கொள்கிறேன். கட்சி இல்லாமல் நீ ஜெயித்திருக்க மாட்டாய். அதற்காகக் கட்சி ஆட்சியை விட்டு இறங்கினால் நீயும் இறங்கிவிடுவதா? கொடுத்தது ஐந்து வருஷம். 2025 ஜனவரி வரைக்கும் இருக்கிறது.

ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. மதிக்க மாட்டார், கான்டிராக்டர் போனை எடுக்க மாட்டார், எல்லாம் எனக்கும் தெரியும். நான் இந்த வீட்டுக்கு நேற்று வந்தவள் இல்லை. 96ல் நீ சின்னப் பையன், ஆனால் மறந்திருக்க மாட்டாய். ஜெயலலிதா அம்மா நம் பர்கூரிலேயே எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். முதலமைச்சராக இருந்தவர், நம் தொகுதி எம்.எல்.ஏ. சட்டசபையில் 234 பேரில் நம் கட்சிக்கு நாலே பேர். அதுவரைக்கும் காலை நேரத்தில் நம் திண்ணைக்குக் கீழே செருப்பு விட இடம் இருக்காது. ரிசல்ட்டுக்கு மறுநாள் அப்பாவின் செருப்பு மட்டும் கிடந்தது.

அப்பா என்ன செய்தார்? திங்கட்கிழமையானால் மனுக்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் கிளம்பிவிடுவார். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004ல்தான் பிரித்தார்கள். தருமபுரி வரைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு மனுவையும் கார்பன் வைத்து எழுதி, ஒரு பிரதியில் ஆபீஸ் சீல் வாங்காமல் திரும்ப மாட்டார். சீலில் தேதி சரியாக விழவில்லை என்றால் மறுபடி குத்தச் சொல்லி நிற்பாராம். அடுத்த வாரம் அந்தப் பிரதியைக் காட்டி, “இது என்ன ஆச்சு?” என்று அதே மேஜையில் கேட்பார். முன்னே ஒரு போனில் முடிந்த காரியம் மாதக்கணக்கில் இழுத்தது. ஆனால் முடிந்தது. மேலத்தெருக் கிழவிக்கு முதியோர் பென்ஷன் எந்த ஆட்சியில் வந்தது என்று யோசித்துப் பார். அவர் வெறும் கிளைச் செயலாளர். உன்னை மாதிரி கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு உரிமை கிடையாது, அவர் பெயர் எந்த மினிட்ஸ் புத்தகத்திலும் ஏறாது. உனக்கு அது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஓசூரில் உட்கார்ந்திருக்கிறாய்.

நீ கெட்டிக்காரன், உனக்கு நான் அரசியல் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். காமராஜர் 1967ல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர். காங்கிரஸின் ஆட்சியும் அதோடு போயிற்று. அவர் வீட்டில் படுத்துவிடவில்லை. 1969ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து டெல்லி போனார். 1971ல் இங்கே அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தோற்று, அவர் ஒருவர்தான் எம்.பி. ஆனார். 75ல் கண்ணை மூடும்வரை அந்த நாகர்கோவிலுக்கு எம்.பி.யாகவே இருந்தார்.

கலைஞரைப் பற்றி நம் வீட்டில் நல்லதாகப் பேசியதில்லை. ஆனாலும் 1976ல் ஆட்சி கலைந்ததிலிருந்து 89 வரைக்கும் 13 வருஷம் வெளியில் கிடந்து கட்சியைக் கலையவிடாமல் வைத்திருந்தாரே, அதை இல்லை என்று சொல்ல முடியுமா? அதே மனிதர் 91ல் துறைமுகம் தொகுதியில் ஜெயித்தும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுப் போட்ட ஜனம் மறுபடி வரிசையில் நின்றது. ஜெயலலிதா அம்மாவும் 2006க்கு அப்புறம் எதிர்க்கட்சியாக இருந்தபோது சபைக்கு அதிகம் போகவில்லை. நம் கட்சி என்பதற்காக அதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். தோற்றவர் தலைமையை இன்னொருவருக்கு விடட்டும், அதில் தப்பே இல்லை, சில பேர் விட்டால்தான் நல்லது. ஜெயித்த தொகுதியை எதற்கு விட வேண்டும்?

இந்த வருஷம் நம் மாவட்டத்திலேயே பார்த்தாயே. ஆறு தொகுதியில் மூன்று நம் பக்கம், கிருஷ்ணகிரியில் வெறும் 794 ஓட்டு வித்தியாசம். வேப்பனஹள்ளியில் ஜெயித்த கே.பி.முனுசாமி, 2026 வரை இருந்த ராஜ்யசபா பதவியை விட்டுவிட்டு சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவரும் வைத்திலிங்கமும் விட்ட இரண்டு இடமும் போன மாதம் போட்டியில்லாமல் ஆளுங்கட்சிக்குப் போய்விட்டது, கட்சிக்கு நஷ்டம்தான் என்று உன் மாமா இன்னும் புலம்புகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேப்பனஹள்ளிக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பினார்கள், அவர் அங்கே இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாஜி நம் தொரப்பள்ளிக்காரர், நீ இருக்கிற ஓசூருக்குப் பக்கம். 1954ல் முதலமைச்சர் பதவியை விட்டவர், 59ல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தார். அவரும் கட்சி மாறியவர்தானே என்று நீ கேட்பாய். அவர் காங்கிரஸ் ஆட்சியில் இருக்கும்போது அதை விட்டு எதிர்ப்பக்கம் போனார், கண்ணு. அதற்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நான் எதையும் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டாலும் உன்னிடம் கேட்க மாட்டேன். இந்த மாதம் ஒன்பது மாவட்டத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து யாருக்கும் மனசு ஆடும். உன் மனசு ஆடியது என்று நான் சொல்லவில்லை.

இப்போது காலனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கன்வாடியில் இருந்தவரைக்கும் நான் தினமும் பார்த்தது பிள்ளைகளின் பல்தான். முன்பல்லில் காவி ஏறி, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும். உன் அக்கா கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார், ஒரு படத்திலாவது வாய் திறந்திருக்கிறாளா? எல்லாம் போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு. என் முட்டியும் அதனால்தான் மடங்க மாட்டேன் என்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு 2008ல் கலைஞர் அடிக்கல் நாட்டினார், ஜப்பான் கடன், 1,928 கோடி ரூபாய்த் திட்டம். நடுவில் 2011ல் ஆட்சி மாறியது. போச்சு, இனிமேல் எங்கே வரப்போகிறது என்று ஊரில் பேசாதவர் இல்லை. 2013ல் ஜெயலலிதா அம்மா திறந்து வைத்தார். ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடித்தார் என்று எளிதாகச் சொல்கிறோம். இரண்டு மாவட்டத்திலும் எந்தக் கட்சி மேலே இருந்தாலும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஆட்களால்தான் அது நிற்காமல் வந்தது என்று நான் நினைக்கிறேன். உன் சின்னவள் பல் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, அது அந்தத் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் காலனிக்கு இன்னும் சரியாக ஏறவில்லை. டேங்க்கின் அடிப்பக்கம் வெடித்துக் கசிகிறது, பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. கடைசி இரண்டு தெருவுக்குத் திரும்பவும் போர்வெல் தண்ணீரையே விடுகிறார்கள். ரிசல்ட்டுக்கு முன்னால் நீதான் போட்டோ எடுத்துக்கொண்டு போனாய், எஸ்டிமேட் போடச் சொன்னதாகவும் சொன்னாய். காலனிப் பெண்கள் என்னிடம் கோபமாகக்கூடக் கேட்பதில்லை. “தம்பி எப்ப வரும்கா?” என்கிறார்கள். வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடியாது, எனக்கு இது ஒத்துவராது என்று நீ நினைத்தால் அதை இங்கே வந்து அவர்களிடம் சொல்லிவிட்டு எழுதிக் கொடு. எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் தலை குனிய மாட்டேன். அங்கேயே இருந்துகொண்டு எதையும் செய்யாதே. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. வந்து என்னோடு பேசிவிட்டு எதுவானாலும் செய். இதை முன்னேயே சொல்லிவிட்டேனோ என்னவோ, பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன்: வா.

தீபாவளிக்கு முந்தின நாளே மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அடுத்த ஒன்றியக் கூட்டத்துக்கு உன் பெயரில் கவர் வந்திருக்கிறது. நான் பிரிக்கவில்லை, இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அஜெண்டாவில் காலனி டேங்க் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் இன்றைக்கே எழுதி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தபாலில் போடு. கூட்டத்துக்கு வரும்போது அந்தப் போட்டோக்களையும் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் அம்மா