செதுலாவைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய டொமினிக்கன் குடியரசின் அரசுத் தலைவருக்கும் மத்தியத் தேர்தல் வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

சர்வாதிகாரி ட்ருஹியோவின் 31 ஆண்டுக் கொடுங்கோல், ஏழே மாதத்தில் கவிழ்க்கப்பட்ட ஹுவான் போஷ் ஆட்சி, அதிபர் பலகேரின் காலம் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்கள் நீங்கள். 1994 தேர்தலில் அட்டையோடு சாவடிக்குப் போன பலருக்குப் பட்டியலில் பெயர் இல்லை. நாடே கொதித்தது, பலகேரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டாகச் சுருங்கியது. பெயரை நீக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றே தெரிந்துகொண்டீர்கள். அப்புறம் பக்கத்து நாடான ஹைத்தி வம்சாவளியினரின் பெயர்களை மட்டும் எப்படி நீக்க மனம் வந்தது?

1984இல் உங்கள் மண்ணில் பிறந்த ஒரு பெண், கரும்புத் தொழிலாளியின் மகள், 2008இல் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு செதுலா என்னும் தேசிய அடையாள அட்டையைக் கேட்கப் போனார். குடும்பப் பெயர் ஹைத்தியப் பெயர் என்று சொல்லி, கொண்டுபோன சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டார். 2013 செப்டம்பர் 23இல் வந்த உங்கள் அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்பு, அவரோடு சேர்த்து 1929 முதல் அவரைப் போல ஆவணமற்ற வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த எல்லோருடைய குடியுரிமையையும் பறித்தது.

தீர்ப்பு சொன்ன காரணம், பெற்றோர் வழிப்போக்கர்களாம். ஹைத்தியின் டுவாலியே அரசுக்குப் பணம் கொடுத்து ஆள் வரவழைத்தது உங்கள் அரசுதான். பாத்தே எனப்படும் கரும்புத் தொழிலாளர் குடியிருப்பில் ஆயுள் முழுக்கக் கரும்பு வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே புதைக்கப்பட்டவர் எப்படி வழிப்போக்கர் ஆவார்?

1948 சட்டம் நாடற்றவர்களாக்கிய இலங்கை மலையகக் குடும்பத்தில் வந்தவள் நான். அந்த ஒரு அட்டை இல்லாத வீட்டின் கதி எனக்குத் தெரியும். கல்லூரி இல்லை, முறையான வேலை இல்லை, பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனால் அங்கேயும் இல்லை. ஓட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதைச் சரிசெய்ய 2014இல் 169-14 சட்டம் கொண்டுவந்தீர்கள், சரி. ஆனால் பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் முதலில் தங்களை வெளிநாட்டவர் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பிறந்த ஊரிலேயே அந்நியன் என்று ஒருவர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? அதே ஆண்டு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் குடியுரிமையைப் பறித்தது தவறு என்று சொன்னபோது, அதன் அதிகாரமே செல்லாது என்றது உங்கள் அரசியல் சாசன நீதிமன்றம். 2024 அக்டோபரில், வாரம் 10,000 பேர் வரை நாடு கடத்துவோம் என்று அறிவித்தீர்கள். செதுலா இல்லாத ஒருவர் லாரியில் ஏற்றப்படும்போது, நான் இங்கே பிறந்தவன் என்று சொல்ல எதைக் காட்டுவார்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். உங்கள் மண்ணில் பிறந்த அவர்களுக்கு, வெளிநாட்டவர் என்று எழுதி வாங்காமல், அடுத்த வாக்காளர் பட்டியலுக்கு முன்பாகச் செதுலாவைக் கொடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
ஒரு மலையகத் தோட்டத் தொழிலாளியின் பேத்தி